திருநாவுக்கரசரும் பொய்யாத் திருவாக்கும்

சிவமயம்

திருச்சிற்றம்பலம்

உயிர் தனித்து நிற்கும் இயல்புடையதன்று. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பதே அதன் இயல்பு என்பது சைவ சித்தாந்தத் துணிபு. கொழுகொம்பை நாடிப் படரும் கொடி போல, உயிரும் ஏதேனும் ஒன்றைப் பற்றியே வாழ்கின்றது. பொருளைப் பற்றியவர் பொருள் நீங்கியபோது தளர்வர். உறவைப் பற்றியவர் உறவினர் மறைந்தபோது கலங்குவர். இறைவனைப் பற்றிய அடியார்க்கும் துன்பம் வாராமல் இல்லை. வந்த துன்பத்தால் அவர் பற்றியது நெகிழ்வதில்லை. இதுவே அடியார்க்கும் ஏனையோர்க்கும் உள்ள வேறுபாடு.

இறைவன் தன் அடியார்க்கு அருளிய வாக்கு ஒருநாளும் பிழைபட்டதில்லை. ஆயினும் அவ்வாக்கு நிறைவேறும் காலத்தையும் வழியையும் அவனே வகுக்கின்றான். நாம் எதிர்பார்த்த வழியில் அது வாராதபோது, வாராதே போயிற்று என்று எண்ணிச் சோர்வது உலகியல்பு. சோர்வின்றிக் காத்திருப்பது எங்ஙனம் என்பதைத் தம் வாழ்வாலேயே காட்டியவர் திருநாவுக்கரசு நாயனார். அவர் வரலாற்றைத் தெய்வச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் விரித்தருளிய நெறியிலே, இக்குடமுழுக்கு நன்னாளில் சிந்திப்பது பெரும் பயன் தருவதாகும்.

ஆமூரில் வந்த அல்லல்

திருமுனைப்பாடி நாட்டிலே, இக்காலத்துக் கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அணித்தாக விளங்குவது திருவாமூர் என்னும் ஊர். அவ்வூரில் வேளாண் மரபில் குறுக்கையர் குடியில் புகழனார் என்னும் பெரியவர் வாழ்ந்திருந்தார். அவர்தம் மனைவியார் மாதினியார். இவ்விருவர்க்கும் முதற்கண் திலகவதியார் என்னும் பெண்மகவும், சில ஆண்டு கழித்து மருணீக்கியார் என்னும் ஆண்மகவும் தோன்றினர். மருள் நீக்கும் தன்மையர் என்னும் பொருளுடைய அப்பெயர், தாமே ஒரு காலத்தில் மருளுட்பட்டுப் பின்னர் உலகின் மருளை நீக்கப் போகும் ஒருவர்க்கு அமைந்தது திருவருட் குறிப்பேயாகும்.

திலகவதியார்க்கு 12 வயது நிரம்பும் பருவத்தில், பல்லவ வேந்தனிடம் படைத்தலைமை பூண்டிருந்த கலிப்பகையார் என்பவர்க்கு அவரை மணம் பேசினர். இசைவு தெரிவித்து மணநாள் குறிக்கும் முன்னர், வடபுலத்துப் பகைவரை வெல்லுமாறு அரசன் ஆணையிட, கலிப்பகையார் போர்மேற் சென்றார். போர் நெடுநாள் நீண்டது. அதற்கிடையில் புகழனார் நோயுற்று இறந்தார். கணவனைப் பிரிந்து உயிர் தரியாத மாதினியாரும் உடன் மறைந்தார். தாய் தந்தையரை ஒருங்கே இழந்த மக்கள் இருவரும் சுற்றத்தாரோடு பெருந்துயரில் அழுந்தியிருந்த வேளையில், கலிப்பகையாரும் போர்க்களத்தில் வீரத்துறக்கம் எய்தினார் என்னும் செய்தி வந்து சேர்ந்தது.

சிறு பருவத்தினராகிய திலகவதியார், பெற்றோர் தம்மைக் கொடுக்க இசைந்த அவர்க்கே தாம் உரியர் என்றும், ஆதலின் தம் உயிரை அவர் உயிரோடு இசைவிப்பதே கடன் என்றும் துணிந்தார். அத்துணிவை அறிந்த மருணீக்கியார் ஓடி வந்து தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து அழுதார். அன்னையும் அத்தனும் மறைந்த பின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வணங்கலாம் என்னும் ஒரு நினைவினால்தான் என்றும், அவரும் தம்மைத் தனியே விட்டு நீங்குவாராயின் அவர்க்கு முன்னமே தாம் உயிர் விடுவது உறுதி என்றும் கூறினார்.

திலகவதியார் தம் துணிவை மாற்றிக்கொண்டார். தம்பியார் வாழவேண்டும் என்னும் ஒரே காரணத்தால் இறப்பதை விடுத்து இருப்பதை மேற்கொண்டார். பொன்னணியும் மணியணியும் நீத்து, எல்லா உயிர்க்கும் அருள் தாங்கி, இல்லத்திலேயே தவம் புரியலானார். சைவ உலகத்திற்குத் திருநாவுக்கரசர் கிடைத்தது அந்த ஒரு நாளில் ஒரு பெண்மணி தம் துயரை விழுங்கிக்கொண்டு உயிர் தாங்கியமையால் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதிகையில் கேட்ட அருள்வாக்கு

மருணீக்கியார் வளர்ந்து நிலையாமையை உணர்ந்தார். செல்வமும் யாக்கையும் நில்லாதன என்று தெளிந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார், சோலைகளை வளர்த்தார், குளங்களைத் தோண்டுவித்தார், வருந்தி வந்தோர்க்கு வேண்டுவன ஈந்தார். பின்னர் மெய்ப்பொருளை ஆராயப் புகுந்து, அக்காலத்தில் ஓங்கியிருந்த சமண சமயத்தை அடைந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பள்ளியிற் சேர்ந்தார். அங்கே அருங்கலை நூல்கள் யாவும் பயின்று, புறச்சமயத்தாரை வாதில் வென்று, தருமசேனர் என்னும் பட்டமும் தலைமையும் பெற்றார்.

இவர்க்காகவே உயிர் வைத்திருந்த திலகவதியாரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்றோர் இல்லை, கொழுநராக வரித்தவர் இல்லை, எஞ்சியிருந்த தம்பியாரும் தாம் வழிபடும் பெருமானை விட்டு அகன்றார். அம்மையார் சிவபெருமானைச் சார்ந்தொழுகும் கருத்தோடு, கெடிலநதியின் வடகரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். முப்புரம் எரித்த செயலைக் குறிப்பதும் அட்ட வீரட்டங்களுள் ஒன்றுமாகிய அத்திருத்தலத்தில் வெண்ணீறும் கண்டிகையும் பூண்டு கைத்தொண்டு தொடங்கினார். நாள்தோறும் வைகறைக்கு முன்னர் எழுந்து திருக்கோயில் முன்றிலைத் திருவலகிட்டு, ஆன்சாணத்தால் திருமெழுக்கிட்டு, மலர் பறித்து வந்து மாலை தொடுத்துச் சாத்தினார். அத்தொண்டின் முடிவில் அவர் கேட்ட வரம் ஒன்றே: பெருமான் தம்மை ஆட்கொண்டது உண்மையாயின், தம் பின் பிறந்தானையும் புறச்சமயப் படுகுழியினின்றும் எடுத்தாளுதல் வேண்டும் என்பதே அது.

பலகாலும் இவ்வாறு வேண்டியபின் ஓர் இரவு இறைவன் கனவில் எழுந்தருளினான். மனக்கவலையை ஒழிக என்று பணித்தான். அவர் தம்பி முற்பிறப்பில் முனிவனாய்த் தன்னை அடையத் தவம் செய்தவன் என்பதைக் கூறினான். இனி அவனைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக வாக்களித்தான்.

இவ்வாக்கின் தன்மையைக் கருதுதல் வேண்டும். தம்பியைக் காக்க வேண்டிய தமக்கைக்கு, அவனுக்கு நோய் தருவோம் என்னும் மொழியே விடையாகக் கிடைத்தது. வேறொருவராயின் அவ்விடை கேட்டு அஞ்சியிருப்பர். அம்மையார் அஞ்சவில்லை. மறைந்து நின்று மலத்தைப் பக்குவப்படுத்தும் திரோதான சத்தியும் இறைவனது கருணையே என்று நம் நூல்கள் கூறும். அறக்கருணை போலவே மறக்கருணையும் அருளின் வடிவமாம். புண்ணை அறுக்கும் மருத்துவன் பகைவன் அல்லன். தாய் புகட்டும் கைப்பு மருந்தும் அன்பின் செயலே. திலகவதியார் இவ்வுண்மையை நூலாற் கற்றாரோ இலரோ, வாழ்வால் அறிந்திருந்தார். மறுநாள் வைகறையிலும் அவர் கையில் திருவலகு இருந்தது.

சூலையாய் வந்த திருவருள்

பாடலிபுத்திரத்தில் தருமசேனரைச் சூலை பற்றியது. வயிற்றினுள்ளே வடவைத் தீயும் நஞ்சும் ஒன்றாய் வந்தாற் போலக் குடரை முறுக்கியது. அவர் தாம் பயின்ற மந்திரங்களால் அதனைத் தடுக்க முயன்றார், நோய் பெருகியது. உடன் இருந்த முனிவர்கள் குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர், மயிற்பீலி கொண்டு காலளவும் தடவினர், பயன் விளையவில்லை. ஈற்றில் அவர்களும் செய்வதறியாது கைவிட்டனர்.

அப்பொழுது அவர்க்குத் தமக்கையாரின் நினைவு வந்தது. சமையற்காரன் ஒருவனை அழைத்துத் தம் நிலையைத் தெரிவித்து வருமாறு திருவதிகைக்கு அனுப்பினார். அவன் சென்று நந்தனவனத்தருகே அம்மையாரைக் கண்டு, தம்பியார் சூலையால் உயிர் தளர்ந்திருப்பதையும் எவரும் அவரைக் கைவிட்டதையும் கூறினான். திலகவதியார் தாம் அவ்விடத்திற்கு வருதல் இயலாது என்று சொல்லி அவனைத் திருப்பியனுப்பினார்.

இம்மறுமொழி கேட்போர்க்கு வன்மை போலத் தோன்றும். தம்பிக்காகத் தம் சாவையே தள்ளி வைத்தவர், அவன் சாகக் கிடக்கும்போது சென்று காணாதது ஏன்? இறைவன் தந்த வாக்கிலே அவர் வைத்திருந்த உறுதியே அதற்குக் காரணம் என்க. ஆட்கொள்வதாக அருளியவன் ஆட்கொள்வான். அதற்குத் தம்பியார் தாமே பற்றற்று இறைவன் வாயிலுக்கு வருதல் வேண்டும். அன்பினால் இடையே புகுந்து அவ்வருட்செயலைத் தடுத்தல் தகாது. நம்பிக்கை என்பது சில வேளைகளில் செயலிலும், சில வேளைகளில் செயலொழிந்து பொறுத்திருத்தலிலும் விளங்கும். பின்னதே அரியது.

மறுமொழி கேட்ட தருமசேனர், தமக்கையாரின் திருவடிகளைச் சேர்வதே உய்தி என்று துணிந்தார். உடுத்த பாயை ஒழித்தார், உறியில் தூக்கிய குண்டிகையை ஒழித்தார், பீலியை ஒழித்தார், வெண்ணிற ஆடை அணிந்து, ஒருவரும் அறியாதபடி இரவிலே புறப்பட்டுத் திருவதிகை வந்தார். திலகவதியார் தங்கியிருந்த திருமடத்தை அடைந்து அடிகளில் வீழ்ந்து, நம் குலம் செய்த தவமே என்று போற்றி, இந்நோயினின்றும் கரையேற்றுமாறு வேண்டினார்.

தம் காலில் வீழ்ந்த தம்பியாரை நோக்கி அம்மையார் இறைவன் கருணையை நினைந்து கைதொழுதார். எழுக என்று பணித்து, இது பெருமான் திருவருளே என்று தெரிவித்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றினை அளித்தார். அதனை அவர் உடல் முழுதும் அணிந்துகொண்டார். திருப்பள்ளியெழுச்சி வேளை நெருங்கியது. அம்மையார் வழக்கம்போல் திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுள் புகுந்தார். தம்பியாரையும் உடன் கொண்டு புகுந்தார். எத்தனையோ வைகறைகளில் தனியே சென்ற அவர் அன்று தம்பியாரோடு சென்றார். வாக்கு நிறைவேறிய அந்நாளிலும் தொண்டு நின்றுவிடவில்லை.

வீரட்டானேசுவரர் திருமுன் வீழ்ந்து வணங்கிய மருணீக்கியார்க்குத் திருவருளால் தமிழ்ப் பதிகம் பாடும் உணர்வு தோன்றியது. கொல்லிப் பண்ணில் அவர் பாடிய அம்முதற் பதிகமே இன்று நான்காந் திருமுறையின் தொடக்கமாக விளங்குகின்றது. பாடிய அளவில் சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரை இறைவனே வானொலியாய் அருளினான். நோய் நீங்கியதற்கு மகிழ்வதினும், அந்நோயினாலன்றோ இத்திருவடி கிடைத்தது என்று அந்நோய்க்கே கைம்மாறு காணாது அவர் உருகினார். தம்பியாரைக் கண்டு திலகவதியார் அடைந்த மகிழ்ச்சியை அளவிட்டுச் சொல்ல வல்லார் யாவர்!

அரசனும் அஞ்செழுத்தும்

தருமசேனர் சைவரானதைக் கேட்ட பல்லவ வேந்தன் அவரை ஒறுக்கத் துணிந்தான். நீற்றறையில் 7 நாள் அடைத்து வைத்தும், நஞ்சு கலந்த பாற்சோற்றினை உண்பித்தும், மதயானையை ஏவியும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தும் நாயனார்க்கு ஊறு நேரவில்லை. கடலிலிட்டபோது அவர் துணையாகப் பற்றியது திருவைந்தெழுத்து ஒன்றையே. பிணித்த கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரின் அருகே கரை சேர்த்தது.

அரசன் நாயனார் அடிபணிந்து சைவன் ஆனான். திருவதிகையில் குணபர ஈச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான். குணபரன் என்பது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். அம்மன்னன் புறநெறியினின்றும் மீண்டு சிவலிங்க வழிபாட்டை மேற்கொண்ட செய்தியைத் திருச்சிராப்பள்ளி மலைக் குடைவரைக் கல்வெட்டும் குறிப்பால் உணர்த்துகின்றது. ஒருவரை ஆட்கொள்வதாக ஒரு பெண்மணிக்கு அருளிய வாக்கு, அரசனையும் நாட்டையும் வந்து தழுவியது. இறைவன் கொடுக்கும்போது கேட்ட அளவோடு நிறுத்துவதில்லை.

நல்லூரும் வீழிமிழலையும்

அதன்பின் நாயனார் கையில் உழவாரப் படை ஏந்தித் தலந்தோறும் எழுந்தருளினார். சீகாழியில் ஆளுடைய பிள்ளையாரைக் கண்டு அவரால் அப்பர் என அழைக்கப்பெற்றார். கும்பகோணத்தை அடுத்த திருச்சத்திமுற்றத்தில் வழிபட்டபோது, கூற்றுவன் வந்து உயிர் கொள்வதற்கு முன்னர்த் திருவடியைத் தம் தலைமேல் பொறித்தருளுமாறு வேண்டினார். நல்லூருக்கு வருக என்று இறைவன் பணித்தான்.

கேட்டது திருச்சத்திமுற்றத்தில், தருவதாகச் சொன்னது வேறோர் ஊரில். கேட்ட இடத்திலேயே ஏன் தரலாகாது என்று நாயனார் வினவவில்லை. உடனே நடந்தார். நல்லூரில் அவர் வணங்கி எழும்போது, நினைந்ததை முடிக்கின்றோம் என்று கூறி இறைவன் திருவடியை அவர் முடிமேல் சூட்டினான். அத்திருவடி தீக்கையை நினைவூட்டும் வகையில், நல்லூர்த் திருக்கோயிலில் அடியார் தலைமேல் திருவடி சூட்டும் வழக்கம் இன்றும் உள்ளது.

திருவீழிமிழலையில் நாயனாரும் பிள்ளையாரும் தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்க்கு அமுதளிக்க வழியின்றி இருவரும் கவன்றனர். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் நீங்கும் வரையில் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைப்பதாக அருளினான். பஞ்சத்தை அன்றே நீக்கவும் அவன் வல்லன். ஆயினும் அன்றன்றைக்கு வேண்டுவதையே அன்றன்றும் தந்தான். நாளைய காசு இன்று கையில் இராது. நாளையும் தருவான் என்னும் உறுதி மட்டுமே இன்று கையில் இருக்கும். அவ்வுறுதியைக் கொண்டே இரண்டு திருமடங்களிலும் அடியார்க்கு அமுது நடந்தது. நாயனார் கைத்தொண்டு புரிபவர் ஆதலின் அவர் பெற்ற காசு வாசியின்றி முழு மதிப்புடையதாய் இருந்தது என்னும் செய்தி, கைத்தொண்டின் பெருமையைக் காட்டும்.

வாய்மூரில் ஒரு சோதனை

வாக்கின்படி நடந்தும் காணாது நின்ற நாளும் நாயனார்க்கு உண்டு. திருமறைக்காட்டில் நெடுங்காலம் அடைபட்டிருந்த திருக்கதவம் திறக்கும் பொருட்டு அவர் பாடினார். கதவம் சற்றே தாழ்த்துத் திறந்தது. பிள்ளையார் பாடியபோதோ உடனே அடைபட்டது. இதனை நினைந்து, இறைவன் திருவுள்ளத்தை அறியாது ஒழுகினோமோ என்று நாயனார் அஞ்சிக் கிடந்தார். அவ்விரவில் பெருமான் தோன்றி, தான் வாய்மூரில் இருப்பதாகவும் தன்னைத் தொடர்ந்து வருமாறும் கூறி முன்னே சென்றான்.

நாயனார் பின் தொடர்ந்தார். அணுகியது போலத் தோன்றியும் அணுக முடியவில்லை. நெடுந்தூரம் நடந்தபின், முன்னே ஒரு கோயிலைக் காட்டி அதனுட் புகுந்த பெருமான் மறைந்தான். விரைந்து சென்று புக்க நாயனார் அவனைக் காணாது திகைத்தார். அவரைத் தேடிப் பின்னே வந்த பிள்ளையாரும் அங்கு வந்து சேர்ந்தார். கதவைத் திறப்பிக்கப் பாடிய தாம் குறைபாடுடையவராயின் ஆகுக. உறைத்து நின்று பாடி அடைப்பித்தவர் இதோ வந்துள்ளார், அவர்க்கும் ஒளிக்க முடியுமோ என்று நாயனார் இறைவனிடமே முறையிட்டார். பெருமான் பிள்ளையார்க்குத் தன் ஆடல் காட்டினான். பிள்ளையார் அதனை நாயனார்க்குக் காட்டினார்.

தமக்கென்று தந்த வாக்கு மற்றோர் அடியார் வழியாக நிறைவேறியதில் நாயனார்க்கு மனக்குறை எழவில்லை. அடியார் கூட்டத்தோடு இணங்கியிருத்தல் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். ஒருவர் கண்ணுக்குப் புலப்படாதது உடன் வரும் அடியார் கண்ணுக்குப் புலப்படும். அவர் காட்ட நாம் காண்போம்.

கயிலையும் ஐயாறும்

நாயனார் வாழ்வின் பெருஞ்சோதனை முதுமையில் வந்தது. திருக்காளத்தியில் கண்ணப்ப நாயனாரை வணங்கி நின்றபோது, வடகயிலையில் பெருமான் வீற்றிருக்கும் கோலத்தைக் காணவேண்டும் என்னும் வேட்கை மீதூர்ந்தது. திருப்பருப்பதம் வணங்கி, தெலுங்கு நாடும் கன்னட நாடும் மாளுவமும் இலாடமும் கடந்து காசியை அடைந்தார். உடன் வந்தவர்களை அங்கேயே நிறுத்தித் தனியே வடக்கு நோக்கி நடந்தார்.

காயும் கிழங்கும் உண்பதையும் விட்டொழித்து இரவும் பகலும் நடந்தார். பாதங்கள் பரட்டளவும் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தாவிச் சென்றார். கைகளும் மணிக்கட்டளவும் கரைந்தன. மார்பினால் ஊர்ந்தார், மார்புத் தசை சிதைந்து என்பு முறிந்தது. உடம்பைப் புரட்டிப் புரண்டு சென்றார். அதுவும் இயலாது போகவே ஒரிடத்தில் செயலற்றுக் கிடந்தார்.

அப்பொழுது பெருமான் ஒரு முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, உறுப்பெல்லாம் அழிய வந்த காரணத்தை வினவினான். கயிலைக் கோலம் காண வந்ததாக நாயனார் கூறினார். மானிடர் சென்று சேரும் இடமன்று அது, மீண்டு போவதே தக்கது என்று முனிவர் தடுத்தார். ஆளும் நாயகனின் கயிலை இருக்கையைக் கண்டன்றி, என்றேனும் மாளப்போகும் இவ்வுடலைத் தூக்கிக்கொண்டு மீள்வதில்லை என்று நாயனார் உறுதி மொழிந்தார். நடக்கக் காலின்றி, ஊர மார்பின்றிக் கிடந்தவரிடத்தில் எஞ்சியிருந்தது அவ்வுறுதி ஒன்றே. இறைவன் நாடியதும் அதுவே போலும்.

முனிவர் மறைந்தார். எழுந்திருக்குமாறு பணிக்கும் திருவாக்கு வானில் எழுந்தது. நாயனார் ஊறு நீங்கிப் பொலிந்த மேனியோடு எழுந்தார். கயிலைக் கோலம் காட்டுமாறு மீண்டும் வேண்டினார். அருகிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் அக்கோலத்தைக் காண்க என்று பெருமான் அருளினான். எத்துணையோ காதம் கடந்து வந்தவரைப் புறப்பட்ட நாட்டிற்கே மீளச் சொன்னது அவ்வாக்கு. நாயனார் ஐந்தெழுத்தை ஓதியவாறே மூழ்கினார். எழுந்தபோது காவிரிக்கரையில் திருவையாற்று வாவியின் கரையில் நின்றார்.

அங்கே களிறும் பிடியும், சேவலும் பெடையுமாய், நிற்பனவும் இயங்குவனவும் தத்தம் துணையொடு பொலியக் கண்டார். அவை யாவும் சிவமும் சத்தியுமாய்த் தோன்றின. திருக்கோயில் கயிலையங்கிரியாய்க் காட்சியளித்தது. அதன்கண் அம்மையப்பராய்ப் பெருமான் வீற்றிருந்தான். அக்காட்சியை நாயனார் காந்தாரப் பண்ணில் பாடியருளினார். இந்நிகழ்ச்சி திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று பெருவிழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது. முதலாம் இராசராசனின் தேவியார் உலோகமாதேவியார் அத்திருக்கோயில் வளாகத்திலேயே வடகயிலாயம் என்னும் கற்றளியை எடுப்பித்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மலையுச்சியில் மறுக்கப்பட்டது ஊர்க்கோயிலில் கிடைத்தது. தொலைவில் தேடியது தாம் பன்முறை வணங்கிய வாயிலிலேயே இருந்தது. ஆயினும் நடந்த நடை வீணன்று. அந்நடையால் உருகிய உள்ளமே அக்காட்சியைக் காணும் கண்ணாயிற்று.

புகலூரில் நிறைவு

ஈற்றில் நாயனார் திருப்புகலூரை அடைந்து உழவாரத் தொண்டு புரிந்திருந்தார். அவர் புல் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்குமாறு இறைவன் செய்தான். அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப எண்ணி உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார். வானமகளிர் வந்து ஆடியும் பாடியும் அவர் சிந்தை திரிந்திலது. 81 ஆண்டு இந்நிலவுலகில் வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. சித்திரைத் திங்கள் சதய நாளில் அவர் புகலூர்ப் பெருமான் திருவடியிற் கலந்தார். அவர் அருளிய பதிகங்களில் இன்று கிடைப்பன 312. அவை நான்கு, ஐந்து, ஆறாந் திருமுறைகளாக வகுக்கப்பெற்றுள்ளன.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். திலகவதியார்க்கு அருளிய வாக்கு நோயாய் வந்தது. திருச்சத்திமுற்றத்தில் கேட்டது நல்லூரில் கிடைத்தது. பஞ்சத்தில் அருளியது நாளுக்கு ஒரு காசாய் வந்தது. வாய்மூரில் மற்றோர் அடியார் வாயிலாய் வந்தது. கயிலையில் வேண்டியது ஐயாற்றில் விளங்கியது. வாக்கு ஓரிடத்தும் பொய்க்கவில்லை. வந்த வழி ஓரிடத்தும் அடியார் குறித்த வழியாய் இருக்கவில்லை. காத்திருந்த காலமெல்லாம் தமக்கையார் கையில் திருவலகும் தம்பியார் கையில் உழவாரமும் இருந்தன. நம்பிக்கை அவர்களுக்கு வெறும் எண்ணமாய் நில்லாது தொண்டாய்த் தொழிற்பட்டது.

பொருளீந்தும் உடலுழைத்தும் திருப்பணியை நிறைவேற்றிக் குடமுழுக்குக் கண்ட அன்பர்களுள், தீராத நோய்க்கும், வழிதவறிய மக்களுக்கும், வாராத வாழ்வுக்கும் விண்ணப்பம் வைத்துக் காத்திருப்போர் பலர் இருத்தல் கூடும். அவர்கட்கெல்லாம் அதிகை முன்றிலில் இருள் நீங்குமுன் திருவலகிட்ட அம்மையாரே துணையாவார். விழா முடிந்தபின் திருச்சுற்றில் மீண்டும் புல் முளைக்கும். மதிலிடுக்கில் ஆலும் அரசும் வேர் விடும். அவற்றை அகற்றும் உழவாரம் ஓயாதிருக்கும் வரையில் நம் நம்பிக்கையும் ஓயாதிருக்கும். வேண்டியதை வேண்டிய காலத்தில் அருளும் கடமை அவனுடையது. தொண்டு செய்து கிடக்கும் கடமை நம்முடையது.

திருநாவுக்கரசர் திருவடி வாழ்க! திலகவதியார் திருவடி வாழ்க!

திருச்சிற்றம்பலம்